மூணு பேர் சொன்னாப் போதும்

உங்ககிட்டச் சார்ஜர் இருக்குங்களாண்ணா? இந்தச் சின்னப் பின்னு வெச்சது. இல்லீங்களா? செரி விடுங்க. இருந்தாலும் இந்தப் பஸ்ஸுல பிரயோசனமில்லை. சீட்டுக்குப் பக்கத்துல பாருங்க, சொருகற ஓட்டை இருக்குது, கரண்டு வராது. காங்கேயத்துல ரெண்டு சதவீதம் காட்டுச்சுங்ணா. வெள்ளகோவில் வர்றதுக்குள்ள உசுரை விட்டுருச்சு. வெடியால இருந்து விடாம அதுலயே வேலை. சார்ஜ் போட எனக்கு எங்க நேரம்.

நீங்களும் கரூருங்களா? நல்லதாப் போச்சு. கால்ல இடிக்குதுங்களா? பித்தளைப் பாத்திரமுங்க. மேல வெச்சா பிரேக் போடறப்ப உருண்டு வந்து எவர் தலையிலயாவது விழுந்துரும்னுதான் மடியில வெச்சிருக்கேன். கரூர்ல இன்னிக்குப் பால் காய்ச்சறோம். சொந்த ஊடெல்லாம் இல்லை, வாடகைதான். பத்தரைக்கு மேல பதினொண்ணரைக்குள்ள நல்ல நேரம். இப்ப மணி எத்தனைங்க? ஒம்பதா? அப்பச் செரி, போயிரலாம்.

போயிரலாம், ஆனா மனசு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. இன்னிக்கு எங்கூர்ல கெழபுறம் தண்ணி திறக்கறாங்க. வால்வு திறக்கற சின்னராசு நேத்தே சொல்லிட்டாரு. இந்நேரம் நாலஞ்சு தெருக்காரங்க பட்டனை அமுக்கிப்போட்டுக் காத்திருப்பாங்க. நான் ஓகே குடுக்கோணும். நான் ஓகே குடுத்தாத்தான் அது ஊருக்குத் தெரியும். போன் இப்படிச் செத்துக் கெடந்தா நான் என்னங்ணா பண்றது?

என்ன பட்டன்னு முழிக்கறீங்க. சொல்றனுங்க, சொல்லாம எங்க போறேன். ஜன்னலைப் பாத்துட்டு வந்தா எனக்கு இன்னும் படபடன்னு வருது.

என் பேரு மோகனசுந்தரமுங்க. வெப்சைட் செஞ்சு குடுக்கறது தொழிலு. எண்ணெய் மில்லு, அரிசி மில்லு, கல்யாண மண்டபம், எல்லாத்துக்கும் செஞ்சிருக்கேன். ஆபீஸ் கீபீஸ் கெடையாது. ஒரு லேப்டாப்பும் நெட்டும் இருந்தா எந்த ஊர்ல உக்காந்தும் செய்யலாம். நானு எங்கூர்லயே உக்காந்து செய்யறேன்.

ஊருக்குப் பேரு எதுக்குங்க, பேரு சொன்னா முனிசிபாலிட்டிக்காரங்க சண்டைக்கு வந்துருவாங்க. எட்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி வரும். சில சமயம் பத்து, சில சமயம் பன்னெண்டு. எப்ப வரும்னு ஆண்டவனுக்கே தெரியாது. ஊட்டுக்கு ஒரு ஆளு குழாயைப் பாத்துட்டே உக்காந்திருக்கோணும். எங்க ஊட்டுல அந்த ஆளு கோகிலா. கோகிலவாணி, என் சம்சாரம். கவருமெண்டு ஆசுபத்திரியில லேப் டெக்னீசியன். ரத்தம் எடுத்துப் பாக்கற வேலை. தண்ணிக்காகவே லீவு போட்டுட்டு இருந்தா. ஒரு நா அழுதுட்டா. தண்ணி புடிக்கவா மாமா நான் படிச்சேன்னு கேட்டா. அவளுக்காகத்தானுங்க இந்த எழவையே ஆரம்பிச்சேன்.

மொதல்ல ஒரு கூத்து பண்ணினனுங்க. சின்னதா ஒரு எலக்ட்ரானிக் போர்டு வாங்கி, ஒயரைக் குழாய் வாயில கட்டி, ஈரம் பட்டாத் தானா செய்தி வர்ற மாதிரி. எங்க மாதிரி ஆளுகளுக்கு அது ஒரு கிறுக்கு, ஞாயித்துக்கிழமையானா எதையாவது பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருப்போம். நல்லாத்தான் வேலை செஞ்சுது. மழை பேஞ்ச அன்னிக்குத் தண்ணி வந்துருச்சு தண்ணி வந்துருச்சுன்னு அது கத்தி, கோகிலா வேலையை விட்டுப்போட்டு நனைஞ்சுட்டு ஓடி வந்தா. அன்னிக்கு அவ சிரிச்ச சிரிப்பு. அப்பெல்லாம் சிரிப்பா.

அப்பறந்தான் அந்தப் பக்கம் செஞ்சேன். இன்டர்நெட்டுல ஒரே ஒரு பக்கமுங்க. ஊருத் தெருப் பேரெல்லாம் வரிசையா இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பட்டன். உங்க தெருவுல தண்ணி வந்தா அமுக்கோணும். தெருப் பேரு நீலமாயிரும். பாக்கறவங்க ஓடி வந்து புடிச்சுக்குவாங்க. அவ்வளவுதான். ரெண்டு பொழுதுல எழுதினது. வாட்ஸப்புல நாலு பேருக்கு அனுப்பினேன், மாசம் திரும்பறதுக்குள்ள ஊரே அதைத்தான் பாக்குது. கோகிலா லீவு போடறதை நிறுத்திட்டா. பாப்பாவுக்கு, ஆதிரைன்னு பேருங்க, எட்டு வயசு, அப்பா நம்ம தெரு நீலமாயிருச்சுன்னு ஓடி வந்து சொல்றதுதான் விளையாட்டு.

அப்படியே விட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்ங்களா? இருந்திருக்காது, கேளுங்க.

போன வருசம் தை மாசம். செக்குமேட்டுத் தெருவுல எவனோ ஒருத்தன் சும்மாக்காச்சும் அமுக்கி விட்டுட்டான். எங்கூர்ல ஒரு பழக்கமுங்க. புதுத் தண்ணி வருதுன்னா பழசை வெக்க மாட்டாங்க. அண்டா, குடம், தொட்டி எல்லாத்தையும் கவுத்து ஊத்திக் கழுவிப்போட்டுத்தான் புடிப்பாங்க. முப்பது ஊட்லயும் ஊத்திப்போட்டாங்க. சாக்கடையில ஆறா ஓடுச்சாம். தண்ணி வர்ல. அன்னிக்கும் வர்ல, அடுத்த அஞ்சு நாளைக்கும் வர்ல.

ஏசறவங்க ஏசினாங்க, அது பரவால்லீங்க. இட்லிக்கடை சரசாக்கா வந்தாங்க. காலிக் குடத்தை எங்க வாசப்படியில வெச்சுப்போட்டுப் போயிட்டாங்க. நாலு நாளு அந்தக் குடம் அங்கயே இருந்துது. போறவங்க வர்றவங்க பாத்தாங்க. எனக்கு அதை எடுத்து வெக்கவும் தெரியலை, தண்ணி ஊத்திக் குடுக்கவும் வழியில்லை. அவமானமுங்ணா. இப்ப நெனச்சாலும் காது சுடுது.

அன்னிக்கு முடிவு பண்ணினேன், இனி என் கண்ணுல படாம ஒரு தெருவும் நீலமாகக் கூடாது. மாத்தி எழுதினேன். யாரு அமுக்கினாலும் மொதல்ல எனக்குச் செய்தி வரும். நான் அந்தத் தெருவுல மூணு ஊட்டுக்குப் போன் போடுவேன். ஏனுங்க, தண்ணி வந்துருச்சுங்களா? மூணு பேரும் வந்துருச்சுன்னு சொன்னாத்தான் ஓகே குடுப்பேன். மூணு பேர். ஒருத்தர் சொன்னா நம்பறதில்லை, ரெண்டு பேர் சொன்னாலும் நம்பறதில்லை. அன்னிலிருந்து இன்னி வரைக்கும் ஒரு பொய்த் தண்ணி வந்ததில்லீங்க. யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க.

ஆனா அதுக்கப்பறம் நானு ஊரைத் தாண்டலை. சத்தியமாச் சொல்றேன், தாண்டலை. குளிக்கறப்பப் போனு ஜன்னல் மேல. சாப்பிடறப்பத் தட்டுக்குப் பக்கத்துல. உள்ளூர்ல நடந்த கோகிலாவோட தம்பி கல்யாணத்துல அவ இணைச்சீர்ச் சடங்குக்கு உக்காந்திருக்கா, கூட நிக்க வேண்டிய நானு மண்டபத்துக்குப் பொறத்தால ஜெனரேட்டர்கிட்ட நின்னுட்டு, ஏனுங்க தண்ணி வந்துருச்சுங்களான்னு கத்திட்டு இருக்கேன். அங்கதான் சிக்னல் கெடச்சுது. போட்டோவுல நானில்லை. ஆல்பத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன், ஒண்ணுலயும் நானில்லை. ஜெயில்ல இருக்கறவனுக்காவது பரோல் உண்டுங்க. புலிவாலைப் புடிச்ச கதைதான். விட்டாக் கடிக்கும்.

யாருகிட்டயாவது ஒப்படைக்கலாமேன்னுதான கேக்க வர்றீங்க? எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. எங்க தெருமுக்குல தேன்மொழின்னு ஒருத்தங்க, மெடிக்கல் ஷாப் வெச்சிருக்காங்க. நாப்பது வயசு இருக்கும். மாத்திரை குடுத்துட்டு, ஆளில்லாத நேரம் கம்ப்யூட்டர்ல புரோகிராம் கோடு எழுதிப் பழகினவங்க. வீடியோ பாத்தே பழகினது. கெட்டிக்காரிதான், இல்லேன்னு சொல்லலை. அவங்க ஒரு நா ஒண்ணு எழுதி அனுப்பினாங்க. ஒரே தெருவுல மூணு தனித்தனி ஊட்டுக்காரங்க பத்து நிமிசத்துக்குள்ள அமுக்கினா, யாரையும் கேக்காமத் தானா நீலமாயிரும். மூணு பேர் சொன்னாப் போதும், தம்பி நீங்க தூங்குங்கன்னு கீழ எழுதியிருந்தாங்க.

எனக்குச் சுருக்குன்னு வந்துதுங்ணா. நான் என்ன தூக்கத்துக்கா அலையறேன்? வேண்டாம்னுட்டேன். கோகிலா அன்னிக்குச் சொன்னா.

"மாமா, நீங்களும் மூணு ஊட்டுக்குப் போன் போட்டுத்தான் கேக்கறீங்க. அதையேதான அந்தக்கா மெஷினைக் கேக்கச் சொல்றாங்க."

மெஷினுக்குக் குரல் தெரியுமாடின்னேன். பொய் சொல்றவங்க குரலு எனக்குத் தெரியுமுங்க. ஒரு இழுவை இருக்கும். அது கோடுக்குத் தெரியுமா? அவ அதுக்கு மேல பேசலை. அவ பேசாம இருந்தா ஒத்துக்கிட்டான்னு அர்த்தம்.

ஆடி மாசம் காய்ச்சல் வந்துருச்சு எனக்கு. நாலு நாளு ஆசுபத்திரி, கையில டிரிப்பு. போனைத் தூக்கக்கூட முடியலை. வேற வழியில்லாம, அட்மிட் ஆகறதுக்கு முன்னால தேன்மொழி அக்கா எழுதினதை உள்ள சேத்துப்போட்டுப் போனேன். நாலே நாளைக்கு, சும்மா ஒரு சோதனைக்கு. ஊட்டுக்கு வந்ததும் மொத வேலை, அதை எடுத்துப்போட்டேன். ஒடம்புல தெம்பே இல்லை, கண்ணு சுத்துது, இருந்தாலும் உக்காந்து எடுத்தேன். எடுத்துப்போட்டு மறுக்கா பழையபடி ஓகே குடுக்க ஆரம்பிச்சுட்டேன். அதுக்கப்பறம் பக்கமே வேகமாயிருச்சுங்க. சரசாக்காவே சொன்னாங்க, ஆடிக்கப்பறம் டக்குடக்குன்னு நீலமாகுது தம்பின்னு. நான் போன் போடற வேகம் அப்படி. காய்ச்சல்ல கெடந்த குத்த உணர்ச்சி, இன்னும் வேகமாப் போடறேன்.

ஐப்பசியில கோகிலாவுக்குக் கரூருக்கு மாத்தல் வந்துருச்சு. யாரோ மேல இருக்கறவங்க பண்ணின வேலைங்க. அவளே கேட்டு வாங்கினான்னு அவகூட வேலை செய்யற ஒருத்தர் சொன்னாரு. அப்படியெல்லாம் இருக்காது. கேட்டு வாங்கறவ எங்கிட்டச் சொல்லாம இருப்பாளா?

மொதல்ல லாட்ஜு மாதிரி ஒரு லேடீஸ் ஆஸ்டல், பாப்பாவையும் கூட்டிட்டுத்தான். இப்ப ஊடு பாத்துட்டா. பாப்பாவுக்குப் பள்ளிக்கூடமும் பாத்துட்டா. நான் எதுக்கும் போகலை. போக முடியலை. போன வாரம் வந்தா, சாமானெல்லாம் வண்டியில ஏத்தினா. போறப்பத்தான் சொன்னா.

"ஞாயித்துக்கிழமை பால் காய்ச்சறோம். நீங்க வந்தா மூணு பேரு ஊடு. வரலீன்னா நானும் பாப்பாவும் காய்ச்சிக்கறோம். அதுக்கப்பறம் வராதீங்க மாமா. விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போறதெல்லாம் வேண்டாம்."

சண்டை போடலீங்க. சாதாரணமாச் சொன்னா. பாலு வெல ஏறிப்போச்சுன்னு சொல்ற மாதிரி சொன்னா. எனக்கு அதுதான் பயமாப் போச்சு. வர்றேன்னு சொன்னேன். சத்தியம் பண்ணினேன். இதா, வந்துட்டுத்தான இருக்கேன்.

வண்டி போனதுக்கப்பறம் சமையக்கட்டுக்குப் போறேன், இந்தப் பாத்திரம் மட்டும் மேடை நடுவுல உக்காந்திருக்குது. கல்யாணமாகி மொத ஊட்டுல நாங்க பால் காய்ச்சினது இதுலதான். ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சு எறக்கினோம், கை சுட்டுருச்சு. தேச்சு மினுக்கி வெச்சிருக்கா, ஆனா எடுத்துட்டுப் போக மறந்துட்டா. பாத்தீங்களா, அவ எதையும் மறக்கறவளே இல்லை. ஊசி நூலு, மாவு சலிக்கற சல்லடை மொதக்கொண்டு எடுத்துட்டுப் போனவ. இதை மட்டும் எப்படி மறந்தாளோ.

செரி, நாந்தான் எடுத்துட்டு வர்றேனே.

இப்ப எங்க வந்திருக்கோம்? தென்னிலை வரப்போகுதுங்களா. ஏனுங்ணா, உங்க போன்ல நெட்டு இருக்குதுங்களா? தப்பா நெனச்சுக்காதீங்க. ஒரே ஒரு தடவை பாத்துட்டுக் குடுத்தர்றேன். உங்க போன்ல இருந்து ஓகே குடுக்க முடியாது, அது என் போனுக்கு மட்டுந்தான், அப்படித்தான் கட்டி வெச்சிருக்கேன். எத்தனை தெரு காத்திருக்குதுன்னாவது தெரிஞ்சா மனசு ஆறும். ஊரு பாக்கற பக்கத்தை நான் பாக்கறதே இல்லை, எனக்கு வர்றது ஓகே குடுக்கற பக்கம் மட்டும். குடுங்க, நானே அடிக்கறேன்.

சுத்துதுங்க. சுத்துது. ம், வந்துருச்சு.

கெழக்கு வீதி. நீலம்.

இருங்க, இது நேத்தையதா இருக்கும். இல்லீங்களே. இன்னைக்குத் தேதி. எட்டு அம்பத்தஞ்சு. தேர்முட்டிச் சந்து, நீலம், ஒம்பது ரெண்டு. அக்ரகாரம், ஒம்பது பத்து. பாவடித் தெரு. எங்க தெருவும்ங்ணா, எங்க தெருவும் நீலம். அஞ்சு தெரு. போன் செத்ததுக்கப்பறம் அஞ்சு தெரு. நான் ஓகே குடுக்கலையே? நான் யாரையும் கேக்கலையே?

கீழ சின்ன எழுத்துல என்னமோ இருக்குது, படிங்க, எனக்குக் கண்ணு மங்குது. மூணு ஊடு சொன்னது. அப்படித்தான போட்டிருக்குது? எல்லாத்துக்குக் கீழயும்?

ஒரு நிமிசம் பேசாதீங்கண்ணா.

ஃபோல்டர். ஃபோல்டருங்ணா. எங்க தொழில்ல எல்லாரும் பண்ற கூறுகெட்ட வேலை. ஒண்ணை எழுதி 'கடைசி'ன்னு பேரு வெப்போம். அதுலயும் மாத்தம் வந்தா 'கடைசி ரெண்டு'ம்போம். அப்பறம் 'உண்மையான கடைசி'. ஊருக்கு ஓடறது 'உண்மையான கடைசி'. ஆசுபத்திரியில இருந்து வந்து கண்ணு சுத்தறப்ப நான் அந்த அக்கா எழுதினதை எடுத்தது 'கடைசி ரெண்டு'ல இருந்து. ஓடறதுல எடுக்கவே இல்லை. ஆடியில சேத்தது அப்படியே இருந்திருக்குது. ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, இதா கார்த்திகை.

அப்ப நாலு மாசமா நான் ஓகே குடுத்தது? ஊரெல்லாம் முன்னாலயே நீலமாயிருச்சு, நான் அதுக்கப்பறம் போன் போட்டு, வந்துருச்சுங்களா வந்துருச்சுங்களான்னு கேட்டுட்டு இருந்திருக்கேன். அதான் சில பேரு சிரிச்சாங்களா. வந்து பாதிக் குடம் ரொம்பிருச்சு தம்பின்னு.

என்னங்ணா சிரிக்கறீங்க? நல்லதுதானங்கறீங்களா? தானா நடக்குது, நீ நிம்மதியாப் போயிப் பாலைக் காய்ச்சுங்கறீங்க.

உங்களுக்குப் புரியலீங்க. யாரும் பாத்துக்காம ஓடுதுங்ணா அது. நாலு மாசமா காவலே இல்லை. பொய்த் தண்ணி வரலைதான். இது வரைக்கும் வரலை. நாளைக்கு மூணு பேரு சேந்துட்டு அமுக்கினா? அத்தனை ஊட்லயும் தண்ணியக் கவுத்து ஊத்திப்போட்டா? சரசாக்கா மறுக்கா குடத்தைத் தூக்கிட்டு வந்தா, அந்த வாசப்படியில யாரு நிக்கறது? தெரிஞ்சதுக்கப்பறம் எப்படிங்க நான் பாலு காய்ச்சறது? பாலைப் பாப்பனா, அதைப் பாப்பனா?

அதை எடுக்கோணும். எங்க ஊட்டுக் கட்டிலுக்கடியில பழைய லேப்டாப் ஒண்ணு இருக்குது, அதுலதான் எல்லாம் ஓடுது. வெளிய இருந்து தொட முடியாது. பாஸ்வேர்டு எனக்கு மட்டுந்தான் தெரியும். ஊட்டுச் சாவியும் எங்கிட்டத்தான். பத்து நிமிச வேலைங்க. எதிர்ல பஸ்ஸு நெறைய வரும். போயி எடுத்துப்போட்டு, பழையபடி ஆக்கிப்போட்டு, பொழுதோட வந்துருவேன்.

கண்டக்டர், தென்னிலையில ஒரு ஆளு எறங்கோணுங்க.

கோகிலாவுக்குக் கூப்பிட்டுச் சொல்லட்டுங்களா? நெம்பரு போன்லதான இருந்துது. மனப்பாடமாத் தெரியாதுங்க. வால்வு திறக்கற சின்னராசு நெம்பரு தெரியும். சரசாக்கா நெம்பரு தெரியும்.

அண்ணா, ஒரே ஒரு ஒதவி. நீங்க கரூர் பஸ் ஸ்டாண்டுலதான எறங்கறீங்க? எனக்கு அந்த ஊடு எங்க இருக்குதுன்னு தெரியாது, அதனால பாப்பாவும் அவளும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிக்கறோம்னாங்க. வெள்ளகோவில் பஸ்ஸு நிக்கற எடத்துலயே நிப்பாங்க. பாப்பா மஞ்சக் கவுனு போட்டிருக்கும், முன்பல்லு ஒண்ணு விழுந்திருக்கும். ஆதிரைன்னு கூப்பிட்டாத் திரும்பும். இந்தப் பாத்திரத்தை மட்டும் குடுத்துருங்க. பாத்திரம் நேரத்துக்குப் போயிட்டாப் போதும், அவ மறந்துட்டுப் போனது இதுதான. கவுத்துப் புடிக்காதீங்க, உள்ள உப்பும் மஞ்சளும் வெச்சிருக்கேன். இதா, இப்படி ரெண்டு பக்கமும் புடிச்சுக்குங்க.

பாப்பாவோட அம்மா எதாவது கேட்டா, ஒண்ணும் சொல்ல வேண்டாம், அவளே புரிஞ்சுக்குவா. பாப்பா அப்பா எங்கேன்னு கேட்டா மட்டும், பொழுதோட வந்துருவாருன்னு சொல்லுங்க.

கேக்காதுங்ணா. அது இப்பெல்லாம் கேக்கறதில்லை.